கம்பிக்கூடா, மீன்தொட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா? திருகோணமலை வெயிலில் ஹம்ஸ்டருக்கு எது சரி

எலி மாதிரிக் குட்டி வளர்ப்புப் பிராணியான ஹம்ஸ்டர் வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு கம்பிக்கூட்டையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார். மாடி, ஏணி, குட்டிச் சில்லு என்று பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் மீன்தொட்டி இன்னொரு வழி. உடுப்புப் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வலை அடித்துக்கொள்வது மூன்றாவது.

குளிர்நாட்டுக்காரர் பலர் மீன்தொட்டியைத்தான் புகழ்வார்கள். அவர்களுக்குச் சரி. ஹம்ஸ்டருக்கு வியர்க்காது, 18 முதல் 24 பாகை வரை அதற்குச் சுகம், 30ஐத் தாண்டினால் ஆபத்து. இங்கே கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 34, 35 பாகை சாதாரணம். நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த தொட்டிக்குள் காற்று அசையாது. யன்னல் வெயில் சற்று விழுந்தாலும் போறணைதான். வெக்கை கூடினால் வேறு அறைக்குத் தூக்கலாம் என்றால், பாரம் இடுப்பை முறிக்கும்.

காற்றோட்டத்தில் கம்பிக்கூட்டை அடிக்க முடியாது. ஆனால் அடித்தட்டு ஆழமில்லை. ஹம்ஸ்டர் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தவர்கள் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் மரச்சீவல் போட்டு சிரிய ஹம்ஸ்டர்களை (குள்ள இனத்தைவிடப் பெரியவை) கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. கம்பியைக் கடிப்பதை நம்மாட்கள் விளையாட்டு என்று பார்த்துச் சிரிக்கிறார்கள். அது அந்தரப்பட்டுச் செய்வது. கம்பி இடைவெளி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் குள்ள இனம் நழுவி ஓடிவிடும். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், துருவும் வாய்க்குள் போகும். இரவில் பூனை நகத்தை உள்ளே நுழைப்பதற்கும் தோதான இடைவெளி அது.

ஆகவே என் ஓட்டு பிளாஸ்டிக் பெட்டிக்கு. தரை 100க்கு 50 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அந்தளவில் கிடைக்காவிட்டால் இரண்டு பெட்டிகளை அகலமான குழாயால் இணைக்கலாம். மூடியின் நடுவை வெட்டி எடுங்கள். நீளப் பக்கம் ஒன்றிலும், சீவல் மட்டத்துக்கு மேலே, ஒரு யன்னல் வெட்டுங்கள். துருப்பிடிக்காத சின்னக் கண் கம்பி வலையை உட்பக்கமாக வைத்து நட்டு போட்டு இறுக்க வேண்டும். வெளியே வைத்தால் வெட்டிய விளிம்பில் பல் வைத்துத் துளை போட்டுவிடும். பெட்டி கொஞ்ச நாளில் மங்கும், பார்க்க மீன்தொட்டி மாதிரி அழகில்லை. ஆனால் ஒரு ஆள் தூக்கலாம்.

உள்ளே 25 சென்டிமீட்டராவது நிரப்புங்கள். தச்சுப் பட்டறைச் சீவல் சும்மா கிடைக்கும்தான். என்ன மரம், என்ன மருந்து அடித்தது என்று தெரியாது, தூசியும் அதிகம். அச்சில்லாத மெல்லிய கடதாசியைக் கிழித்துப் போடுவது மேல். பஞ்சு வேண்டாம், காலில் சுற்றும். மாரியில் அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும், கிளறிப் பாருங்கள்.

சில்லு கம்பிப்படி வைத்ததாக இல்லாமல் மட்டமான தளத்தோடு இருக்க வேண்டும்: சிரிய இனத்துக்கு 28, குள்ள இனத்துக்கு 20 சென்டிமீட்டர் விட்டம். சிறியதில் ஓடினால் முதுகு வளையும். சிரிய இனத்தில் ஒரு பெட்டிக்கு ஒன்றுதான். சோடி சேர்த்தால் கடிபட்டுச் சாகும்.

மத்தியான வெக்கைக்கு ஃபேனை நேராகத் திருப்புவதைவிடக் கவிழ்த்து வைத்த மண்சட்டியும் ஒரு டைல்ஸ் துண்டும் உதவும். கரண்ட் போனாலும் அவை வேலை செய்யும். ஐஸ் போத்தலைத் துணி சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வையுங்கள்.

எறும்புக்கு மட்டும் மூன்றுமே ஒன்றுதான். ஹம்ஸ்டர் தீனியை ஒளித்து வைக்கும், எறும்பு மணந்து வரும். மேசைக்கால்களைத் தண்ணீர் டின்னுக்குள் வையுங்கள், சவர்க்காரம் கரைத்த தண்ணீராகப் பார்த்து. வெறும் தண்ணீரென்றால் நுளம்பு பெருகி, டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) பதில் சொல்ல வேண்டிவரும்.