தாபுரா, டிண்டிங்கா, புரோகாவா?

மலேசியாவின் கிள்ளான் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் பாலத்துக்குக் கீழே பழுப்பு நிறத்தில் சோம்பலாக நகர்ந்து போவதுதான். அதே ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே ஒரு பாறைச் சுவரின் இடைவெளியைப் பிளந்துகொண்டு காட்டைவிட்டு வெளியே வருகிறது, அந்த இடைவெளிக்குத்தான் கிள்ளான் கேட்ஸ் என்று பெயர் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அதன்பிறகு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்தச் சுவரின் மேல் நின்று எங்கள் ஊர் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவர்தான் புக்கிட் தாபுர் (புக்கிட் என்றால் மலாயில் குன்று). அங்கே போய் வந்த பிறகு, எந்த மலை ஏறலாம் என்று யார் கேட்டாலும் 'முதலில் தாபுருக்குப் போகாதே' என்றுதான் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் விட்டால் பொறாமை என்பார்கள். அதனால் நான் ஏறிய மூன்று மலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

அழகில் தாபுரை எதுவும் அடிக்க முடியாது. கருங்கல்லில் விழுந்த நீண்ட பிளவுக்குள் சிலிக்கா கரைந்த வெந்நீர் ஏறி உறைந்து குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் படிகக் கல் ஆனது. காலப்போக்கில் சுற்றியிருந்த கருங்கல் மழையில் மக்கிக் கரைந்துபோக, குவார்ட்ஸ் மட்டும் மீனின் முதுகுமுள் மாதிரி நின்றுவிட்டது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர், அகலம் சுமார் 200 மீட்டர்தான். 2017 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் பத்துமலையோடு ஒப்பிட்டால் புரியும். அது சுண்ணாம்புக்கல், தண்ணீர் அரித்து அரித்துக் குகையாக்கிய மலை. இது தண்ணீருக்குச் சட்டென்று வளைந்து கொடுக்காத கல். கிள்ளான் ஆற்றுக்கே ஓரிடத்தில்தான் வழிவிட்டிருக்கிறது. அந்த ஓரிடத்தையும் 1958-ல் அணை கட்டி அடைத்தார்கள். ஆகவே மேலே நின்று நீங்கள் பார்ப்பது ஓடும் ஆறு அல்ல. ஒரு பக்கம் காட்டுக்குள் கைகால் நீட்டிப் படுத்திருக்கும் பச்சை ஏரி, மறுபக்கம் மெலாவத்தி குடியிருப்பின் வீட்டுக்கூரைகள், தூரத்தில் இரட்டைக் கோபுரம். இரண்டுக்கும் நடுவே, சில இடங்களில் ஒரு சாப்பாட்டு மேசை அகலமே உள்ள பாறையில் நீங்கள்.

சிக்கல் அங்கேதான். அது நடக்கிற மலை அல்ல, கையும் காலும் போட்டுத் தொற்றுகிற மலை. குவார்ட்ஸ் உடைந்த கண்ணாடி மாதிரி விளிம்பு கட்டியிருக்கும். கையுறை இல்லாமல் போன நான் ஒரு வாரம் கையால் சோறு பிசையவில்லை. யாரோ எப்போதோ கட்டிவிட்ட கயிறுகள் தொங்கும். அதை இழுத்துப் பார்க்காமல் எடையைப் போடக்கூடாது. பாதியில் பயம் வந்தால் திரும்புவதும் ஏறியது போலவே கடினம். என்னோடு வந்த சித்தப்பா மகன் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்க போங்க, நான் இங்கேயே குடும்பம் நடத்திக்கிறேன்" என்றான். அப்போது சிரித்தோம். ஆனால் அந்த முகட்டில் விழுந்து செத்தவர்கள் உண்டு, போம்பா (தீயணைப்பு மீட்புப் படை) வந்து இறக்கியவர்கள் அதைவிட அதிகம். இடையிடையே மூடியும் வைக்கிறார்கள். திறந்திருந்தாலும் காட்டு இலாகாவின் அனுமதி வாங்கித்தான் ஏற வேண்டும். 'எல்லாரும் போறாங்களே' என்பது அனுமதி ஆகாது. மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம்.

புரோகா குன்றுக்கு வருவோம். செமினி ஊருக்கு அப்பால், நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உயரம் சுமார் 400 மீட்டர். அடிவாரத்தில் செம்பனைத் தோட்டம், மேலே போகப் போக லாலாங் புல். விடியற்காலை ஐந்துக்குக் கைவிளக்கோடு ஏறினால் முதல் உச்சியில் சூரிய உதயம். கையை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். பிள்ளைகள் ஏறலாம், அத்தைமார்கூட மெதுவாக ஏறலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் தைப்பூச வரிசை மாதிரி ஆள், அதுவும் பாட்டுப்பெட்டியோடு. ஏழரை மணிக்கு மேல் நிழல் கிடையாது, புல்லுக்கு எங்கிருந்து நிழல் வரும்? ஆறும் கிடையாது, செங்குத்துப் பாறையின் திகிலும் கிடையாது. அழகான இடம்தான். என் தேடலுக்குத்தான் பதில் இல்லை.

புக்கிட் காசிங்கையும் சிலர் சொல்வார்கள். சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் காட்டில் நடக்க நல்ல இடம். இந்தப் போட்டியில் அது இல்லை.

மிச்சம் இருப்பது புக்கிட் டிண்டிங். கோலாலம்பூரின் வங்சா மாஜு பகுதி அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிற, யாரும் பெருமையாகப் படம் எடுத்துப் போடாத மலை. உயரம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ரீ ராம்பாய் அல்லது வங்சா மாஜு எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்தால் போதும், சொந்தக் கார் வேண்டாம். பாதையில் பாதி நிழல். ஒரு பகுதி தனியார் நிலம். அங்கே வீடு கட்டும் திட்டத்தை அக்கம்பக்கத்தார் எதிர்த்து வருகிறார்கள். ஆகையால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அங்கே தினமும் ஏறுகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர்கள் வளைவில் திடீரென்று இறங்கி வருவார்கள், ஒதுங்கி நடக்கவும்.

நான் டிண்டிங்கைத் தூக்கிப் பிடிக்கக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்து வடக்கே பார்த்தால் தாபுர் தெரிகிறது, முழுசாக. தாபுரின் மேல் நின்றபோது நான் தாபுரைப் பார்க்கவே இல்லை. என் கால் வைக்கும் கல்லைத்தான் பார்த்தேன், அடுத்த பிடி எங்கே என்று பார்த்தேன், ஏரியை மூச்சு வாங்கிய ஐந்து நிமிடம் பார்த்தேன். டிண்டிங்கில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, கொண்டுபோன நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, காலை வெயில் அந்த வெள்ளைப் பாறைப் பற்களில் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். ஆற்றுக்கு வழிவிட்ட இடம் எங்கே இருக்கும் என்று விரலால் காட்டலாம்.

போன மாதம் அத்தையை அங்கே அழைத்துப் போனேன். அறுபத்தெட்டு வயது, மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். தாபுரைக் காட்டி, நம் கிள்ளான் ஆறு அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது, அப்புறம் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து நம் ஊருக்கு இறங்குகிறது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கே தண்ணி சுத்தமா இருக்குமாடா?"

"பச்சையா இருக்கு அத்தை. கோலாலம்பூர்க்காரங்க கொஞ்சப் பேர் குடிக்கிறதே அதைத்தான்."

"நமக்கு வந்து சேரும்போது மட்டும் இப்படி ஆயிடுதா?" என்று கேட்டுவிட்டு, மீதி நாசி லெமாக்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.