லைட்டர் சாக்கெட்டை மாற்றுவதா, புதிதாக வயர் இழுப்பதா? எது எதற்குப் பொருந்தும்

காரின் 12 வோல்ட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர் செருகினால் விளக்கு எரியவில்லை என்றதும் பலர் நேராகப் புது சாக்கெட் வாங்கிவிடுகிறார்கள். பழையதைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. அதனால் முதலில் ஐந்து நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

ஃபியூஸை உருவாமலே பார்த்துவிடலாம். பிளேடு ஃபியூஸின் மேல் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் (ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசி நுனியும் கொண்ட சோதனை விளக்கு) கிளிப்பை வண்டியின் உலோக பாடியில் மாட்டி, நுனியை இரண்டு புள்ளிகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலுமே எரியாவிட்டால் கோளாறு ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிறது, சாக்கெட்டை மாற்றிப் பயனில்லை.

ஃபியூஸ் போயிருந்தால் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில்லறைக் காசு விழுந்து, நடு ஊசியையும் பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு கிடப்பது அடிக்கடி நடப்பது. இன்னொன்று: சார்ஜர் பிளக்கின் நுனியில் உள்ள திருகு வளையம் மெல்ல மெல்லக் கழன்று, பிளக்கை உருவும்போது சாக்கெட்டின் அடியிலேயே தங்கிவிடும். எதை எடுப்பதானாலும் ஃபியூஸை உருவிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் இடுக்கியால்.

சாக்கெட் ஏன் உருகுகிறது

எந்த வகை வாங்குவது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தச் சாக்கெட் சிகரெட் பற்றவைக்கும் சுருளுக்காக வடிவமைக்கப்பட்டது. சுருள் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ஆனால் சில விநாடிகள்தான். இன்று அதே துளையில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் குளிர்பெட்டியையும் மணிக்கணக்கில் ஓட்டுகிறோம்.

உள்ளே பிளக்கைப் பிடித்திருப்பது நடுவில் ஒரு ஸ்பிரிங் ஊசி, பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடுகள். திருகும் கிடையாது, பூட்டும் கிடையாது. அந்தத் தொடுமுனையில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டால், 10 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே குறையும். கூடவே 10 வாட் வெப்பம். 25 வாட் சால்டரிங் அயர்னில் கிட்டத்தட்டப் பாதி அளவு சூடு, விரல் நுனி அளவு இடத்தில்! உருகிய சாக்கெட்டைக் கழற்றினால் இது கண்ணெதிரே தெரியும்: பிளக்கின் நுனி பழுப்பேறியிருக்கும், அடியிலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிச் சாய்ந்திருக்கும், நடு ஊசியை அழுத்தினால் திரும்பி எழாது. இந்த நேரம் முழுவதும் ஃபியூஸ் போயிருக்காது. மின்னோட்டம் வரம்புக்குள்தானே இருக்கிறது, ஃபியூஸுக்குச் சூடு தெரியாது.

அதனால் பெட்டியில் "20 ஆம்பியர்" என்று அச்சிட்டிருந்தாலும், தொடர்ந்து ஓடும் சாதனத்துக்கு 10 ஆம்பியர், அதாவது 120 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

எந்தச் சாக்கெட்

வண்டியில் வந்த அதே வடிவம்: துளை, பிளாஸ்டிக் வளையம், பின்னால் உள்ள கப்ளர் (வயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) எல்லாம் அப்படியே பொருந்தும். பழுதான சாக்கெட்டை மாற்ற மட்டும் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் இதிலேயே இரண்டு உண்டு. லைட்டர் வகையின் அடியில், சுருளைப் பிடித்துக்கொண்டு சூடானதும் விடுவிக்கும் இரட்டை உலோகக் கவ்விகள் இருக்கும். அவை பாசிட்டிவ் பக்கம். காசு விழுந்தால் ஷார்ட் ஆக அவையும் ஒரு வழி. பவர் அவுட்லெட் வகையில் அந்தக் கவ்விகள் கிடையாது. அதில் லைட்டர் சுருளைச் செருகவே கூடாது, விடுவிக்க ஆள் இல்லாததால் சுருள் பழுத்துக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு. பற்றவைக்கும் தேவை இல்லாதவர்கள் அவுட்லெட் வகையையே எடுக்கலாம். உள்விட்டம் எல்லாமே 21 மி.மீ. அளவை ஒட்டித்தான் என்றாலும் சிறு வித்தியாசம் உண்டு. ஒரு காரில் இறுக்கமாக நின்ற பிளக் இன்னொரு காரில் ஆடுவதற்கு இதுவே காரணம்.

படகு வகை, அதாவது திருகு மரையும் ரப்பர் மூடியும் கொண்ட சாக்கெட்: டிக்கியிலோ பின் சீட்டுக்கோ இரண்டாவது சாக்கெட் வேண்டுமென்றால் இதுதான் வசதி. 28 முதல் 29 மி.மீ. துளை போட்டு, பின்னால் நட்டைத் திருகினால் போதும். மூடி தூசியையும் காசையும் தடுக்கும். துளை போடும் முன் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். சாக்கெட்டின் நீளத்தோடு டெர்மினலும் வளையும் வயரும் சேர்ந்து ஏறத்தாழ 8 செ.மீ. வேண்டும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும். அதற்கு மேல் போனால் விரிசல் விடும்.

12 மி.மீ. சிறு சாக்கெட்: மோட்டார் சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள், ஐஎஸ்ஓ 4165 அளவு. பிடிப்பில் லைட்டர் வடிவத்தை விட எவ்வளவோ மேல். குலுக்கலில் கழலாது. குறை என்னவென்றால், பொதுவாகக் கிடைக்கும் சாதனங்களின் பிளக் இதற்குள் போகாது, பிளக்கையே மாற்ற வேண்டும். குளிர்பெட்டி ஒன்றையே நிரந்தரமாக ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சிரமம் தகும்.

நேரடி யுஎஸ்பி பேனல்: ஃபோனுக்கு மட்டும்தான் என்றால் சாக்கெட்டே வேண்டாம், இதை வயரோடு நேராக இணைத்துவிடலாம். ஆடும் தொடுமுனை ஒன்று ஒழிகிறது. 65 வாட் டைப்-சி பேனல் முழு வேகத்தில் 12 வோல்ட் பக்கம் சுமார் 6 ஆம்பியர் கேட்கும், அதற்கேற்ற வயர் கொடுங்கள். லாரி, பஸ் போன்ற 24 வோல்ட் வண்டிகளில் "12–24 வோல்ட்" என்று குறித்தது மட்டுமே. காற்றடிக்கும் பம்பை இதில் ஓட்ட முடியாது என்பதால் முன்பக்கச் சாக்கெட்டை எடுத்துவிட்டு இதைப் போடுவது சரியான முடிவாகத் தெரியவில்லை. பக்கத்தில் கூடுதலாகப் போடுங்கள்.

10 ஆம்பியருக்கு மேல் நீண்ட நேரம் இழுக்கும் இன்வெர்ட்டருக்கு மேலே சொன்ன எதுவுமே ஆகாது. அதற்குத் தனி வயரும், அதிக மின்னோட்டம் தாங்கும் ஆண்டர்சன் வகைக் கனெக்டரும்தான் வழி.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

நான்கு வழிகள். சாக்கெட் தேர்வை விட இதில் தவறு செய்தால்தான் விளைவு பெரிது.

இருக்கிற வயரிலேயே தொடர்வது: பழைய சாக்கெட்டை மாற்றுகிறவர்களுக்கு இதுவே போதும். ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் 15 ஆம்பியர் நீலம் அல்லது 20 ஆம்பியர் மஞ்சள். அடிக்கடி போகிறது என்று 15-ஐ எடுத்து 20 போடுவது ஆபத்து. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் 15 என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதே வயரிலிருந்து இரண்டாவது சாக்கெட்டுக்குக் கிளை எடுத்தால் இரண்டும் சேர்ந்து அந்த ஒரே வரம்புக்குள் இருக்க வேண்டும். பம்பும் குளிர்பெட்டியும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகும்.

ஃபியூஸ் டேப்: ஃபியூஸ் பாக்ஸில் ஏற்கெனவே உள்ள ஓர் இடத்தில் செருகினால் இரண்டு ஃபியூஸ் நிற்கும், புதிய வயர் ஒன்று வெளியே வரும். எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை, திரும்பப் பழையபடி ஆக்கிவிடலாம். 10 ஆம்பியர் வரையான தேவைக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று அளவு: பெரியது, மினி, உயரம் குறைந்த மினி, மைக்ரோ என்று கால்கள் வேறுபடும். பொருந்தாததை அழுத்திச் செருகினால் ஃபியூஸ் பாக்ஸின் கவ்வி விரிந்துபோகும், அது பிறகு எந்த ஃபியூஸையும் இறுக்கிப் பிடிக்காது. இரண்டாவது திசை. ஃபியூஸை எடுத்துவிட்டு, காலியான இரண்டு பிளவுகளில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். டேப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பிளவில் உட்கார வேண்டும். திருப்பிச் செருகினாலும் சாக்கெட் வேலை செய்யும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அப்போது புதிய சாக்கெட்டின் மின்னோட்டம் முழுவதும் பழைய ஃபியூஸ் வழியாகவும் ஓடும். பம்பைப் போட்டதும் வேறு ஏதோ ஒன்று அணைந்துபோனால் காரணம் இதுதான். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாட்டு ஃபியூஸ்களில் டேப் போடவே வேண்டாம்.

பேட்டரியிலிருந்து நேரடியாக: நீண்ட நேரம் 10 ஆம்பியரை ஒட்டி ஓடும் சாதனத்துக்கு இது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 15 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டர் இருந்தாக வேண்டும். எஞ்சின் அறைக்கும் உள்ளே கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டை வயர் கடக்கும்போது ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) வழியாகத்தான் போக வேண்டும். வெறும் தகட்டு விளிம்பு சில மாதக் குலுக்கலில் இன்சுலேஷனை அறுத்துவிடும். ஃபியூஸ் தொலைவில் இருந்தால், அதற்கு முன்னால் உள்ள வயர் பாடியில் பட்டதும் அதை நிறுத்த எதுவும் இல்லை, பேட்டரியின் முழு பலமும் அதில் பாயும்.

இதன் மற்றொரு பக்கம், சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருப்பது. வோல்ட் காட்டும் எல்இடி உள்ள யுஎஸ்பி பேனல் 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி, 30 நாளில் 14-க்கு மேல். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. குளிர்பெட்டி அதைவிட மோசம்: ஓடும்போது 5 ஆம்பியர், பாதி நேரம் ஓடுகிறது என்றாலே 12 மணி நேரத்தில் 30. காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

பேட்டரி நேரடி, நடுவில் ரிலே: அந்தக் குறையைத் தீர்ப்பது இது. ரிலே என்பது சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச். நான்கு கால் ரிலேயில் 30 என்று எண்ணிட்ட காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர், 87-லிருந்து சாக்கெட்டின் நடு ஊசிக்கு, 86-க்கு சாவி போட்டால் வரும் ஏசிசி கரண்ட், 85 எர்த், அதாவது வண்டியின் பாடி. ரிலேயின் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான் என்பதால் அந்த ஏசிசி வயரை ஒரு சிறு ஃபியூஸ் டேப்பிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை கூடும். இருந்தாலும் டிக்கி சாக்கெட்டுக்கு எங்கள் தேர்வு இதுவே. வண்டியை நிறுத்திவிட்டும் குளிர்பெட்டி ஓட வேண்டும் என்பவர்கள் மட்டும் ரிலே இல்லாமல் விட்டு, குறைந்த வோல்ட்டில் தானே அணையும் வசதி கொண்ட பெட்டியாக வாங்குங்கள்.

வயர் தடிமன்

டிக்கிக்கு 4 மீட்டர் பாசிட்டிவ், எர்த் அங்கேயே பாடியில் என்று எடுத்துக்கொள்வோம். 10 ஆம்பியரில் 0.75 சதுர மி.மீ. வயரில் சுமார் 1 வோல்ட் குறையும், 1.5-இல் அரை வோல்ட், 2.5-இல் 0.3 வோல்ட். பேட்டரி நிறைந்திருந்தும் குளிர்பெட்டி "லோ பேட்டரி" என்று நின்றுவிடுகிறதா? மெல்லிய வயர்தான் முதல் சந்தேகம். இந்த வேலைக்கு 2.5 சதுர மி.மீ. பல இழை செம்பு வயரே போடுங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, தடையும் கூடுதல். வெட்டிய முனையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். ஈயம் பூசிய செம்பும் மேலே வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் சிவப்பு வரும்.

கழற்றுவதும் இணைப்பதும்

ஃபியூஸை உருவுங்கள். மீட்டரால் சாக்கெட்டில் 0 வோல்ட் என்று உறுதி செய்யுங்கள். உட்சுவரில் எதிரெதிரே இரண்டு சதுரத் துளைகள் தெரிந்தால், பிளாஸ்டிக் வளையத்தின் கொக்கிகள் அங்கே நிற்கின்றன. இரண்டு மெல்லிய ஸ்குரூ டிரைவர்களால் கொக்கிகளை ஒரே நேரத்தில் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே உலோகக் குழாயை இழுத்தால் வரும். வராவிட்டால் முன்னிருந்து நெம்பாதீர்கள், சுற்றியுள்ள டிரிம்மைக் கழற்றிப் பின்னிருந்து தள்ளுங்கள். கப்ளரைப் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

நடு ஊசி பாசிட்டிவ், வெளிச்சுவர் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் பம்ப் தலைகீழாகச் சுழலும், சார்ஜர் எரிந்துபோகும். வயரின் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுவது வெயிலில் காரின் சூட்டுக்குத் தாங்காது, பசை இளகி டேப் நழுவும். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் இணைப்பு சில இழைகளை அறுத்துவிடும், 10 ஆம்பியருக்கு வேண்டாம். சால்டர் நல்ல இணைப்புதான், ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்த இடம் விறைத்துப்போய், குலுக்கலில் அதன் ஓரத்திலேயே ஒடியும். அதனால் 6.3 மி.மீ. பெண் டெர்மினலைச் சரியான கிரிம்ப் பிளையரால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுவதே சிறந்தது. இன்சுலேஷன் உள்ள டெர்மினலில் 2.5 வயருக்கு நீலம். அழுத்தியபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அது இப்போதே வந்தது நல்லது.

எர்த்துக்கு பாடியின் போல்ட் அடியில் பெயிண்டைச் சுரண்டி வளைய லக் கொடுங்கள். நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் உள்ள வண்டிகளில் எர்த்தை அந்த முனையிலேயே கொடுத்தால் சென்சார் இந்த மின்னோட்டத்தைக் கணக்கில் எடுக்காது. அங்கும் பாடி எர்த்தே சரி.

முடித்ததும் சுமை கொடுத்துச் சோதிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லாச் சாக்கெட்டும் 12 வோல்ட் காட்டும். இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகளை இணையாக ஒரு பிளக்கில் கட்டிச் செருகினால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். பல்பு சுடும், துணிமேல் வைக்காதீர்கள். பேட்டரி முனையிலும் சாக்கெட்டின் பின் டெர்மினலிலும் வோல்ட்டை அளந்தால், வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட்டைத் தாண்டினால் மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை சாக்கெட்டின் எர்த் டெர்மினலிலும் வையுங்கள். அங்கே 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, கிரிம்ப் என்று ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டே வந்தால் எதில் குறைகிறது என்று பிடிபட்டுவிடும்.