கட்டையில் ஒட்டும் செடிகளில் கத்திரி வெயிலைத் தாண்டுவது எது?

கொளத்தூரில் கலர் மீன் கடைகளுக்குப் போய் “தொட்டிக்குச் செடி வேண்டும்” என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது மணலில் நடும் வகைகளைத்தான். வாலிஸ்னேரியா, கபோம்பா, அமேசான் ஸ்வோர்ட். விலை குறைவு, பார்க்கவும் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் வாடகை வீட்டில், ரெண்டடித் தொட்டியில், அடியில் சாதா ஜல்லி போட்டு மீன் வளர்ப்பவருக்கு கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளரும் செடிகள்தான் தோது. அவற்றுக்குத் தனி மண் வேண்டாம், வேருக்கு உரமும் வேண்டாம். மீன் கழிவு கரைந்த தண்ணீரிலிருந்தே முக்கால்வாசிச் சத்தை எடுத்துக்கொள்ளும். தொட்டியைக் கழுவும் நாளில் கட்டையோடு தூக்கி வாளியில் வைத்துவிடலாம். வீடு மாறும்போதும் அப்படியே.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா, மாஸ், போல்பிட்டிஸ் என்று ஐந்தாறு பெயர்கள். இவற்றைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. தொட்டிக்கு ஹீட்டர் போடுவது எப்படி என்பது அவர்கள் கவலை. நம் கவலை நேர் எதிர். இந்தச் செடிகளில் பலவற்றுக்கு 22 முதல் 28 டிகிரி வரை சுகம். சித்திரை கடைசியில் தொடங்கும் கத்திரியில், மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடுவது சகஜம். அதனால் இலை அழகைப் பார்த்து வரிசைப்படுத்துவதில் அர்த்தமில்லை. வெயில், வீட்டுக்கு வரும் தண்ணீர், அப்புறம் நீங்கள் தொட்டிக்கு ஒதுக்கும் நேரம். இந்த மூன்றை வைத்துத்தான் நான் தரம் பிரிப்பேன்.

முதலில் தண்ணீர்

வடசென்னையில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். ஒரு வீட்டில் மெட்ரோ வாட்டர், அடுத்த வீட்டில் போர். குழாயில் வருவதிலும் புழல் ஏரித் தண்ணீர் உண்டு. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலையில் சுத்திகரித்த கடல்நீரும் உண்டு. இவை இரண்டும் செடிக்குப் பெரிய சிக்கல் தராது. போர் தண்ணீர் கதை வேறு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது பல காலமாகத் தெரிந்த சங்கதி. கடலை ஒட்டிய மற்ற இடங்களிலும் போர் தண்ணீரில் உப்புக் கரிப்பது புதிதல்ல.

உப்பு எவ்வளவு என்று பார்க்க, ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவர் கையில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) போதும். சொந்தமாக வாங்கினாலும் பெரிய செலவில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்று இருக்கிறது. தொட்டிக்கும் அந்த 500-ஐ ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. மேலே போகப் போக, கீழே சொல்லும் பட்டியலில் ஒவ்வொன்றாக அடிபடும்.

அனுபியாஸா, ஜாவா ஃபெர்னா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைச் செடி. நம் சேம்பு, மணி பிளான்ட் குடும்பம். இலை தோல் மாதிரி கெட்டி. கோல்டுஃபிஷ் கூட ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஃப்ளவர்ஹார்ன் வளர்ப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு செடி சொல்வதே கஷ்டம்: ஜல்லியைத் தோண்டித் தள்ளும் அந்த மீனிடம், பெரிய கல்லில் இறுக்கிக் கட்டிய அனுபியாஸ் மட்டும்தான் கொஞ்சமாவது பேர் சொல்லும்.

ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியக்காரர். ஓடைப் பாறைகளில் தொற்றி வளரும் பெரணி. உயரமாக, ஒரு சாண், ஒன்றரைச் சாண் வரை வரும் என்பதால் தொட்டியின் பின்பக்கத்துக்கு. அனுபியாஸில் நானா என்னும் வகை குட்டை. முன்னாலும் நடுவிலும் வைக்க. இட விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பட்ஜெட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்னும்போதுதான் கேள்வி வருகிறது.

வெயிலில் அனுபியாஸ் ஒரு படி மேலே. 30 டிகிரி தாண்டினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். ஜாவா ஃபெர்னுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சூடு நீடித்தால் இலையில் பழுப்புத் திட்டு விழும், அது கறுத்து, கடைசியில் இலை கண்ணாடி போல் ஆகிக் கரையும். முதன்முறை வளர்ப்பவர் செடி செத்தது என்று தூக்கிப் போட்டுவிடுவார். அவசரப்பட வேண்டாம். கெட்ட இலைகளை அடியோடு வெட்டிவிட்டு ரைசோமை, அதாவது படுத்த வாக்கில் இருக்கும் அந்தத் தண்டை மட்டும் விட்டுவைத்தால், சூடு தணிந்ததும் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். போதாததற்கு, சாகப்போகும் இலையின் நுனியிலும் ஓரத்திலும் குட்டிச் செடிகள் வேர்விட்டு நிற்கும். அவற்றைக் கிள்ளி வேறு கட்டையில் கட்டினால் புதுச் செடி. இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும் கரும்பழுப்புப் புள்ளிகளை நோய் என்று நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு; அவை ஸ்போர் பைகள் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரவ உதவும் நுண்துகள்கள் இருக்கும் பைகள்), பெரணிக்கு இயல்பு.

உப்புத் தண்ணீரில் நிலைமை தலைகீழ். லேசான உப்பை ஜாவா ஃபெர்ன் நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். மாலி மீனுக்காகக் கொஞ்சம் கல்லுப்பு போடும் தொட்டியிலும் அது ஓடும். அனுபியாஸ் கடினத் தண்ணீரைச் சமாளிக்கும், ஆனால் உப்பில் ஜாவா ஃபெர்ன் அளவுக்கு நம்ப மாட்டேன்.

அனுபியாஸின் பலவீனம் பாசி. அந்த இலை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும், புது இலை எப்போதோ ஒன்று வரும். இடைப்பட்ட காலத்தில் பச்சைப் புள்ளிப் பாசியும், ஓரத்தில் தாடி மாதிரி கரும்பாசியும் உட்கார்ந்துகொள்ளும். விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு, பில்டரையும் கழுவாமல் விடுபவர்களிடம் இது நிச்சயம் நடக்கும். விளக்கை ஆறு, ஏழு மணி நேரத்தோடு நிறுத்தி, செடியைக் கட்டையின் நிழல் பக்கமாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜன்னலோரத் தொட்டி என்றால் திரை போடுங்கள்.

என் தீர்ப்பு: மெட்ரோ வாட்டர் வீட்டுக்கு முதல் செடி அனுபியாஸ் நானா, ரெண்டாவது ஜாவா ஃபெர்ன். உப்புப் போர் வீட்டுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான சட்டம் ஒன்று. ரைசோமை ஜல்லிக்குள் புதைக்கக் கூடாது. புதைத்தால் அழுகும். கடையில் சின்ன வலைத்தொட்டியில், பஞ்சு மாதிரி ஒன்றில் சுற்றி விற்பதால், அப்படியே நட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்கும்போதே அந்தப் பஞ்சை விலக்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. ரைசோமைக் கட்டைவிரலால் அழுத்தினால் இஞ்சி போல் கெட்டியாக இருக்க வேண்டும். விரல் உள்ளே போனால், பழுப்புச் சாறு வந்தால், மோந்து பார்க்கும்போது நாறினால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பச்சை இலை காம்போடு லேசாக இழுத்ததும் கையோடு வருவதும் அழுகலின் அடையாளம்தான்.

புசெஃபலாண்ட்ரா: ஆசை காட்டும் பொருள்

போர்னியோ தீவின் ஓடைப் பாறைகளில் வளர்வது. கடைக்காரர்கள் சுருக்கமாக ‘புசே’ என்பார்கள். இலையில் நீலமும் ஊதாவும் மின்னும், தண்ணீருக்கு அடியிலேயே பூக்கும். அழகில் இதை அடிக்க வேறு செடி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஆனால் இது ஓடும், சுத்தமான, சூடில்லாத தண்ணீருக்குப் பழகிய செடி. தண்ணீருக்கு வெளியே வளர்த்ததை வாங்கி வந்து மூழ்கடித்தால் இருக்கிற இலையெல்லாம் கரைந்து, அப்புறம்தான் புதிய இலை வரும். இந்தக் கரைதலும் மே மாதச் சூடும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ரைசோமும் போய்விடும். ஆகவே வாங்கத்தான் வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். மழையும் மார்கழிக் குளிரும் முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடிகளும் இந்த வியாபாரத்தில் புழங்குகின்றன. வளர்த்துப் பிரித்து விற்பவரிடம் வாங்குவது செடிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தொட்டியின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு டிகிரி வரை இறங்கும். கடல்காற்றின் ஈரம் அதிகமுள்ள நாளில் அந்த அளவுக்கு இறங்காது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் வெயில் முடிவதற்குள் தொட்டி உப்பளமாகிவிடும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தையொட்டி வெள்ளைக் கோடு விழுவது அதற்கான முன்னறிவிப்பு. ஃபேன் ஓடும் மாதங்களில் நிரப்புவதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். அதற்காகத் தொட்டி முழுக்க ஆர்ஓ தண்ணீர் என்று போய்விட வேண்டாம். கால்சியம், மெக்னீசியம் இல்லாத தண்ணீரில் செடியும் சோரும், நத்தை ஓடும் அரிக்கும்.

மாஸ், போல்பிட்டிஸ், நம்ம ஊர்க்காரர் ஒருவர்

ஜாவா மாஸ் மலிவு, எதிலும் வளரும், செர்ரி இறால் குட்டிகளுக்கும் கப்பி குஞ்சுகளுக்கும் ஒளிய இடம் தரும். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, மேலே மாஸைச் சுற்றிக் கட்டினால் இறாலுக்குக் குகை ரெடி. ஒரே குறை, அது கட்டையைக் கெட்டியாகப் பிடிக்காது. நூல் அவிழ்ந்ததும் மிதந்து பில்டர் வாயில் போய் அடைக்கும். கிறிஸ்துமஸ் மாஸ் இன்னும் நன்றாகப் பிடிக்கும், கிளை கிளையாகத் தொங்கும் அழகும் உண்டு. சூட்டில் கொஞ்சம் சுணங்கும். ஃபிசிடென்ஸ் என்னும் இன்னொரு மாஸ் குளிர் விரும்பி. ஏசி அறையில் தொட்டி இல்லாதவர் அதன் பக்கம் போக வேண்டாம். மாஸ் வளர்ப்பவர் வாராவாரம் கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பல்படாதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் வெளிச்சம் படாமல் பழுத்து உதிரும்.

போல்பிட்டிஸ் என்கிற ஆப்பிரிக்கப் பெரணி படத்தில் அற்புதம். நல்ல நீரோட்டம், மிதமான சூடு, மென்மையான தண்ணீர் மூன்றும் வேண்டும். நம் பக்கத்தில் மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். தவிர்க்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று ஹைக்ரோஃபிலா பின்னாட்டிஃபிடா. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வளரும் நம் நாட்டுச் செடி. பெரணி போல் ஓரம் வெட்டுப்பட்ட செம்பழுப்பு இலை. மணலிலும் நடலாம், கட்டையில் கட்டினாலும் தண்டிலிருந்து வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பட்டியலில் மற்றவை ஆமை வேகம் என்றால் இது மட்டும் ஓடும். ஆனால் நல்ல வெளிச்சம் கேட்கும், திரவ உரம் கேட்கும், கார்பன் டை ஆக்சைடு கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படும். சாதா விளக்குத் தொட்டியில் குச்சி குச்சியாக இளைத்துவிடும். நேரம் இருப்பவர் முயன்று பார்க்கலாம், கிடைப்பதும் எப்போதாவதுதான்.

கல்லா, கட்டையா? எதைக் கொண்டு கட்டுவது?

மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் எதிலும் வேர் பிடிக்கும். துளைத்துளையாக இருக்கும் லாவா கல் முதல் தரம். வழவழப்பான கூழாங்கல்லில் அனுபியாஸ் வேர் மாதங்கள் ஆனாலும் சறுக்கிக்கொண்டே இருக்கும். எந்தக் கல்லாக இருந்தாலும் போடுவதற்கு முன் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத் துண்டும் இதே கணக்கு. கட்டை என்றால் கடையில் விற்கும் டிரிஃப்ட்வுட், அல்லது நன்றாகக் காய்ந்து பட்டை உரித்த கொய்யாக் கிளை. வேப்பங்கட்டை வேண்டாம். புதுக் கட்டையிலிருந்து டீ நிறத்தில் சாயம் இறங்கும், மேலே வெள்ளையாகப் பூஞ்சை படியும். இரண்டும் சில வாரத்தில் தானாகவே அடங்கும்.

கட்டுவதற்குப் பருத்தித் தையல் நூல் மாஸுக்குச் சரி, சில வாரங்களில் மக்கிவிடும். அனுபியாஸ் பிடிக்க அதைவிட அதிக நாள் எடுக்கும் என்பதால் தூண்டில் நரம்புதான் சரி. காசிமேட்டுப் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் மெல்லிய நரம்பாகக் கேட்டு வாங்கலாம். ரைசோமின் மேல் குறுக்கே இரண்டு சுற்று, இலைக்காம்புகளுக்கு நடுவே போகும்படி. இறுக்கினால் நரம்பு தண்டை அறுத்துவிடும். அசையாமல் இருந்தால் போதும்.

அவசரக்காரருக்கு ஃபெவிகுவிக் மாதிரி பசை. காய்ந்தபின் மீனுக்கு ஆபத்தில்லை. வேரை டிஷ்யூவால் ஒற்றி, ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, தண்ணீரில் முக்க வேண்டியதுதான். ஒட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும், வேர் வளர்ந்ததும் மறையும். பசையைப் பஞ்சில் விட்டுத் திணிக்க மட்டும் வேண்டாம்: பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.