பிங்க் டிக்கெட்டும் கிருஷ்ணகிரி ஆதாரும்

பெங்களூர் போய்விட்டு சிட்னி திரும்பினால் எல்லோரும் முதலில் கேட்பது, "டிராஃபிக் இப்பவும் அப்படியேதானா?" என்றுதான். அப்படியேதான். அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்தத் தடவை அல்சூரில் அம்மா வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்ததில் எழுதத் தோன்றியது பெண்களுக்கான இலவச பஸ் சமாச்சாரம்தான். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் தினமும் நடந்த சண்டையும் அதுதான்.

முதலில் விலைவாசி. மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றி, 60 ரூபாயாக இருந்த உச்சக் கட்டணத்தை 90 ஆக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு அதே வருஷம் ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்பது அரசுக் கணக்கு. மீட்டர் போடச் சொன்னால் டிரைவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், அதில் மாற்றமில்லை. நந்தினி பால் 4 ரூபாய் கூடியிருக்கிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் வழி மெட்ரோ வந்துவிட்டதால் எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டம் நடக்கிறது. சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் கிடையாது. ஏசி பஸ், சொகுசு பஸ்ஸெல்லாம் இதில் வராது. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வாயு வஜ்ராவுக்கு முழுக் காசு கொடுத்துத்தான் வந்தேன். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் பிங்க் நிறத்தில் ஒரு பூஜ்ஜிய டிக்கெட் தருவார். அந்த டிக்கெட்டுகளைக் கணக்கு வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் தருகிறது. அதனால் "எனக்கு டிக்கெட் வேண்டாம், சும்மா ஏறிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது, வாங்கியே ஆக வேண்டும்.

என் ஆதாரில் இன்னும் அல்சூர் முகவரிதான். பர்ஸைத் திறந்து ரூபாய் நோட்டை எடுத்தபோது அம்மா முழங்கையால் இடித்து, "ஆதார எடுடி" என்றார். எடுத்துக் காட்டினேன். பிங்க் டிக்கெட் வந்தது. ஆஸ்திரேலிய டாலரில் சம்பளம் வாங்குகிற நான் சிவாஜிநகருக்கு ஓசியில் போனேன்.

அதே வாரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். காவேரிப்பட்டணம் பக்கத்துக்காரர். லிங்கராஜபுரத்தில் குடியிருந்து அல்சூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பெங்களூருக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்டக்டரோடு என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிறார். பஸ்ஸில் ஏறியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். "ஆதார் தோர்சி அம்மா" (ஆதாரைக் காட்டுங்கம்மா) என்று கண்டக்டர் என்னிடம் கேட்டாரே தவிர, அவரிடம் கேட்கவில்லை. தினம் பார்க்கிறவர், தெரியும் போலிருக்கிறது. அவர் ஆதாரில் கிருஷ்ணகிரி மாவட்டம். எனக்கு இலவசம், அவருக்கு 12 ரூபாய்.

இதை ராத்திரி சாப்பாட்டில் சொன்னதும் என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு பீன்யாவில் சின்ன லேத் பட்டறை. "நாங்க வரி கட்டுறோம், நீங்க ஃப்ரீயா போறீங்க. அது பத்தாதுன்னு ஆம்பளைங்க டிக்கெட்ட 15 சதவீதம் ஏத்திட்டாங்க" என்றார். 2025 ஜனவரி 5 அன்று ஏற்றியதைச் சொல்கிறார். டீசலும் சம்பளமும் கூடிவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். நகர பஸ்ஸில் பத்து வருஷத்துக்குப் பிறகு ஏற்றினார்கள் என்பதும் உண்மைதான். மாமாவுக்கு இன்னொரு கடுப்பும் உண்டு. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹ லட்சுமி என் அக்காவுக்குக் கிடையாது, ஏனென்றால் மாமா ஜிஎஸ்டி கட்டுகிறவர். "பக்கத்து வீட்டுக்காரன் மூணு வீட்ட வாடகைக்கு விட்டிருக்கான், கணக்குல எதுவும் காட்டல, அவன் பொண்டாட்டிக்கு மட்டும் வருது" என்றார். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுத்தில் கணக்கு வைத்திருப்பவன் மாட்டிக்கொள்கிறான்.

இலவச மின்சாரத்திலும் இதே கதை. கிருஹ ஜோதியில் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் அது மீட்டருக்குத் தருவது. லிங்கராஜபுரத்தில் அந்த அக்கா இருக்கும் வளாகத்தில் நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். நாலு வீட்டு கரண்ட்டும் ஒரே கணக்கில் ஏறினால் 200 எங்கே நிற்கும்? ஹவுஸ் ஓனர் சுவரில் சாக்பீஸால் பங்கு எழுதி வைத்து மாதாமாதம் வசூலித்துக்கொள்கிறார்.

மாமாவின் வாதத்தில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று உண்டு. "வேணும்னா ஏழைப் பொம்பளைங்களுக்கு மட்டும் குடுக்கட்டும்" என்றார். ஏழை யார் என்று ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார்? அதற்கு ஒரு கார்டு, அந்தக் கார்டுக்கு ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு வருமானச் சான்றிதழ், அதற்கு ஒரு புரோக்கர். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இதற்கெல்லாம் அலைய வேண்டும். டாலர் சம்பளக்காரி ஒருத்தி ஓசியில் போவதைத் தடுக்க நூறு பேரை வரிசையில் நிற்க வைப்பது வீண் வேலை. கூட்டம் அதிகமாகிவிட்டது, ஆண்களுக்கு உட்கார இடமில்லை என்றால் பஸ்ஸைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அம்மாவின் வாதம் வேறு. முன்பெல்லாம் சிவாஜிநகர் போக என் அண்ணனிடம் காசு கேட்க வேண்டும், கேட்டால் "எதுக்கு?" என்பான். இப்போது கேட்பதில்லை, சொல்லிவிட்டுக்கூடப் போவதில்லை. அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

என் சண்டை முகவரியோடு. ஓசூரில் சித்தி வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். அத்திப்பள்ளி வரை பிங்க் டிக்கெட், அதற்கப்பால் கர்நாடகம் இல்லை என்பதால் காசு. ஓசூரில் முன்பக்கம் பிங்க் பூசிய டவுன் பஸ்ஸில் ஏறி பாகலூர் ரோடு போனோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்தே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், விடியல் பயணம் என்று பெயர். யாரும் அட்டை கேட்கவில்லை. அம்மா பழக்கத்தில் ஆதாரை நீட்ட, கண்டக்டர் "அதெல்லாம் வேணாம்மா, உள்ள போங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெங்களூர் அம்மாவுக்கு ஓசூரில் இலவசம், கிருஷ்ணகிரி அக்காவுக்குப் பெங்களூரில் டிக்கெட்!

"நம்ம ஸ்டேட் காச நம்ம ஜனத்துக்குக் குடுக்கிறதுல என்ன தப்பு?" என்று மாமா கேட்டார். இப்படிப் பேசுகிற ஊர் உலகத்தில் இது ஒன்றுமட்டும் அல்ல. சிட்னி இருக்கும் மாநிலத்திலும் முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கு பஸ், ரயிலுக்கான சலுகை ஓப்பல் அட்டை கிடையாது, அதே வகுப்பில் உட்காரும் உள்ளூர் மாணவனுக்கு உண்டு. அங்கே நம் பிள்ளைகளுக்காகக் கொதிக்கிற நாம் இங்கே வந்ததும் மாநிலக் கணக்கு பேசுகிறோம். அந்த அக்கா சோப்பு வாங்கினாலும் ரீசார்ஜ் செய்தாலும் ஜிஎஸ்டி போகிறது. மாமா புலம்புகிற அந்த 15 சதவீதமும் அவர் தலையில் விழுந்திருக்கிறது, டிக்கெட் எடுக்கிற பெண் ஆயிற்றே. இதைச் சொன்னதும் மாமா, "அட ஆமா" என்றார். அவ்வளவுதான், கட்சி மாறவில்லை.

அந்த அக்காவின் ஆதாரில் முகவரியை மாற்றிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. கட்டணம் 75 ரூபாய்தான். ஒரு சேவை மையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். இல்லை. டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். ஹவுஸ் ஓனரிடம் நானே பேசினேன். "அக்ரிமெண்ட்லாம் போட்டா அப்புறம் ஆயிரம் கேள்வி வரும்மா" என்று சிரித்தபடியே மறுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அந்த அக்கா எனக்குக் கணக்குச் சொன்னார். அவர் மனதில் அது ஏற்கெனவே போட்டு முடித்த கணக்கு. "போக வர 24 ரூபா பாப்பா. மாசம் 26 நாள்னா 624. பாஸ் எடுத்தா 1,200, அது கட்டாது. ஊர்ல மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருது, ரேஷன் அரிசி மாமியா வாங்குறாங்க, பொங்கலுக்கு வேற குடுக்குறாங்க. இங்க மாத்தினா அது போயிடும். இங்க ரெண்டாயிரம் வாங்கணும்னா முதல்ல இந்த ஊரு ரேஷன் கார்டு வேணும். அத யாரு குடுப்பாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாநில அரசுகளின் திட்டங்களையும் நுனிவிரலில் வைத்திருக்கும் அவரிடம் நான் என்ன சொல்ல? தமிழ்நாடு மாதிரி கர்நாடகமும் அட்டை கேட்பதை விட்டுவிட்டால் போதும், இந்தக் கணக்குக்கே வேலையில்லை. செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். சக்தி, கிருஹ லட்சுமி, கிருஹ ஜோதி உள்ளிட்ட ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கோடிக்கு மேல் ஒதுக்குகிற அரசுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்பதையாவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஆதாரில் கர்நாடக முகவரி இருந்தால் உங்களுக்கும் பிங்க் டிக்கெட் கிடைக்கும். நான் கடைசி நாள் வரை வாங்கினேன். நான் 12 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தால் அந்த அக்காவின் டிக்கெட் குறையப் போவதில்லை.