900 டாலர் கொடுத்து ஏமாந்தோம்: ஜெர்மன் பூர்வீகம் தேடுபவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி வந்த மெயிலைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. 900 டாலர்! திரும்பி வராதாம்.

என் கணவர் பென்சில்வேனியாக்காரர். அவர்கள் வம்சத்தில் மில்லர் ஒருவர் 1749-இல் பிலடெல்பியாவில் வந்து இறங்கியது வரை தெரியும். எந்த ஊர்க்காரர் என்பது தெரியாது. அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் பயணி பெயரும் கப்பல் பெயரும் புறப்பட்ட துறைமுகமும்தான் இருக்கும், சொந்த ஊர் இருக்காது. பாலட்டினேட் என்பது தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு பகுதி. ஆனால் எந்தப் பகுதி ஜெர்மானியராக இருந்தாலும் 'பாலட்டைன்' என்றே சொல்லிவிடுவார்கள். என் மாமியாருக்கு வயது 80. சாவதற்குள் அந்த ஊர்ச் சர்ச்சில் ஒருமுறை உட்கார வேண்டும் என்பார். குலதெய்வம் எதுவென்று தெரியாமல் தவிப்பவர்களை நம் பக்கம் பார்த்திருக்கிறேன். அதே தவிப்பு.

பூர்வீகம் தேடித் தரும் ஓர் ஆன்லைன் சேவை. போனில் பேசியவர் மாமியார் சொன்ன பழங்கதையை நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, உங்களுக்காக நானே ஜெர்மனியில் ஸ்பேயர் நகரத்துக்குப் போய் சர்ச் பதிவேடுகளைப் பார்க்கிறேன்" என்றார். அந்த 'அம்மா'வில்தான் விழுந்தோம். அன்றைக்கே 900 டாலர் கட்டினேன்.

ஆறு வாரத்தில் ஓர் ஊர்ப் பெயரும் ஞானஸ்நானப் பதிவின் படமும் வந்தன. மாமியார் அதை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். போன வாரம் பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. குழந்தை இறந்துவிட்டால் பாதிரியார் போடும் குறி அது. பக்கத்திலேயே தேதி. மூன்று வயதில் போன குழந்தையை எங்கள் மூதாதை என்று விற்றிருக்கிறார்கள்! அறிக்கையில் 'ஹாம்பர்க் பயணிகள் பட்டியலிலும் உறுதியானது' என்று வேறு இருந்தது. அந்தப் பட்டியல் தொடங்குவதே 1850-இல்.

கேட்டால், முதலில் "ஆய்வாளர் விடுமுறையில் இருக்கிறார்". அப்புறம் "கணக்குப் பிரிவில் கேளுங்கள்". கணக்குப் பிரிவோ ஆய்வாளரைக் கேட்கச் சொன்னது. நேற்று, "தேடியதற்குத்தான் கட்டணம், முடிவுக்கு அல்ல". போனில் உருகிய மனிதர் இப்போது எடுப்பதே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. மில்லர்கள் ஆயிரம் பேர். இறப்புப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே கப்பலில் வந்தவர்கள், இங்கே குழந்தைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள் யார் என்று முதலில் தேடுங்கள். அதே ஊர்க்காரர்களாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஃபிரேம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மாமியாரிடம் சொல்லவில்லை.