தவளையின் சிவப்பணுவும் மனிதச் சிவப்பணுவும்: ஒரு ஸ்லைடு தொகுப்பின் மதிப்புரை

மேல்நிலை மாணவர்களுக்கான இந்தத் தொகுப்பில் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான 25 ஆயத்த ஸ்லைடுகளும், செல்லின் அமைப்பையும் பரிணாமத்தையும் சேர்த்து விளக்கும் ஒரு சிறு கையேடும் உள்ளன. ஸ்லைடுகளுக்காக இதைத் தயங்காமல் வாங்கலாம். கையேட்டை மட்டும் ஆசிரியர் ஒருவரின் துணையோடு படிப்பது நல்லது.

என்னை மிகவும் கவர்ந்தவை தவளை இரத்தமும் மனித இரத்தமும். 40 மடங்கு பொருளருகு லென்ஸில் பார்க்கையில், தவளையின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் அடர்ந்த உட்கருவுடன் தெரிகிறது. 7 முதல் 8 மைக்ரோமீட்டர் அளவே கொண்ட மனிதச் சிவப்பணுவிலோ உட்கருவே இல்லை. ஒரே வேலையைச் செய்யும் செல் இரு விலங்குகளில் இவ்வளவு வேறுபடுவதைக் கண்ணால் கண்ட மாணவர், ஏன் என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் கையேடு தவறான விடை தருகிறது. அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டதால் பாலூட்டிகள் உட்கருவை நீக்கிக்கொண்டன என்கிறது அது. தேவை என்பதற்காக எந்த உயிரியிலும் மாற்றம் தோன்றுவதில்லை. தற்செயலாகத் தோன்றிய மரபு வேறுபாடுகளுள், அதிக வாரிசுகளை விட்டுச்செல்ல உதவியவை தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதே இயற்கைத் தேர்வு. பறவைகளை எண்ணிப் பார்த்தாலே கையேட்டின் விளக்கம் நிற்காது: பறப்பதற்கு ஏராளமான ஆக்சிஜன் வேண்டியிருந்தும், அவற்றின் சிவப்பணுக்களில் உட்கரு இன்றும் இருக்கிறது. பரிணாமத்தை முதன்முதலாகப் படிப்பவர் மனத்தில் இந்தத் தவறு பதிந்துவிட்டால் பின்னர் களைவது கடினம் என்பதால், மறுபதிப்பில் இப்பத்தியை முழுவதும் மாற்றி எழுத வேண்டும்.

செல் பிரிதலைக் காட்டும் வெங்காய வேர்நுனி, மெல்லிய சீவலாக வெட்டப்படாமல், நசுக்கிப் பரப்பித் தயாரிக்கப்பட்டிருப்பது பாராட்டுக்குரியது. சீவலில் குரோமோசோம்கள் அறுபட்டுப்போகும். இதில் பொறுமையிருந்தால் 16 குரோமோசோம்களையும் எண்ணிவிடலாம். பெரும்பாலான செல்கள் பிரியாமல் இடைநிலையில் (இரு பிரிதல்களுக்கு இடைப்பட்ட நிலையில்) இருப்பதைக் கண்டு ஸ்லைடைக் குறைசொல்ல வேண்டாம். செல் தன் காலத்தின் பெரும்பகுதியை அந்நிலையில்தான் கழிக்கிறது. கன்னத்தின் உட்புறச் செல்களிலும் ஒருசெல் உயிரியான பரமீசியத்திலும் சாயம் சீராக ஏறியிருக்கிறது.

கையேட்டின் சிறந்த பகுதி, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா குறித்தது. தனித்து வாழ்ந்த பாக்டீரியா மற்றொரு செல்லுக்குள் தங்கி அதன் உறுப்பாகிவிட்டது என்று 1967-இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் வாதிட்டதை, இரட்டைச் சவ்வு, பாக்டீரியாவினுடையதை ஒத்த ரைபோசோம் (புரதம் உருவாக்கும் நுண்துகள்), மனிதரில் 16,569 கார இணைகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகளும்) 37 மரபணுக்களும் கொண்ட வட்ட டி.என்.ஏ. என்று ஒவ்வொரு சான்றாக அது விளக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாதவை; அவ்விடத்தில் வண்ண ஓவியத்துக்குப் பதிலாக எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றையேனும் சேர்த்திருக்கலாம்.