பெங்களூரில் முதல் ஃப்ளாட் வாங்கப் போகிறவர்களே, என் 4,75,000 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

இன்று மதியம் மூன்றாவது தடவையாக அந்த வீட்டுத் தரகு அலுவலக வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு விவரமாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன். இருக்கிற ஆத்திரத்தில் எவ்வளவு முடியும் என்று தெரியவில்லை.

பெயர் வேண்டாம். கே.ஆர்.புரம் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதை விற்றுக்கொடுக்கும் ஒரு தரகு நிறுவனம். அவ்வளவுதான்.

அல்சூரில் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்தாயிற்று. சீட்டு எடுத்த பணமும் என் வளையல்களை அடகு வைத்த பணமும் சேர்ந்துதான் அந்த 4,75,000.

தரகர் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சாமி அலமாரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நான் ஆம்பூர் அக்கா. ஊர்க்காரர்களை ஏமாற்றிவிட்டு நான் எங்கே போய் நிற்பது?” என்றார். நாங்கள் வாணியம்பாடி. “நம் பக்கத்துப் பிள்ளை” என்று மாமியார் இரண்டாவது டம்ளர் காபி கொண்டுவந்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். மளிகைக் கடைப் பில்லையே இரண்டு முறை கூட்டிப் பார்ப்பேன். அன்று ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாதிரி வீட்டைப் பார்க்கப் போனபோது சமையலறைக் குழாயைத் திருகினேன். அது சுற்றவே இல்லை, சும்மா ஒட்டி வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என்ன புத்தி அது!

வங்கி வக்கீல் ஒரே நாளில் விஷயத்தை உடைத்தார். விளம்பரத்தில் போட்டிருந்த ரெரா எண், அதாவது வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் பதிவு எண், முதல் கட்டத்துக்கு உரியது. நாங்கள் முன்பணம் கட்டியது இரண்டாம் கட்டத்துக்கு. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முன் முன்பதிவே வாங்கக் கூடாது என்பது 2016 ரெரா சட்டம். போதாததற்கு நிலம் பி காத்தா, அதாவது முறையான அனுமதி இல்லாதது என்று வரிக்காக மட்டும் தனிப் பதிவேட்டில் வைத்திருக்கும் சொத்து. கடன் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் ரசீதைப் பிரித்தேன். கட்டுநர் பெயரே அதில் இல்லை, தரகு நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி: முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

பிறகு நடந்தது பதினோரு வாரக் கூத்து. “கணக்குப் பிரிவில் இருக்கிறது.” “சார் சைட்டுக்குப் போயிருக்கிறார்.” “ஆயுத பூஜை முடியட்டும்.” கட்டுநரைக் கேட்டால் தரகரைக் கேள் என்கிறார்கள். அந்த ஆம்பூர்த் தம்பியோ என் அழைப்பை ஒரே மணியில் துண்டிக்கிறார். பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து “மூன்று படுக்கையறை வீடு இருக்கிறதா?” என்று செய்தி அனுப்பினேன். அரை நிமிடத்தில் பதில்: “சைட் பார்க்க எப்போது வருகிறீர்கள் அக்கா?”

இன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார்கள். பணமாகக் கிடைக்காதாம், வேறு குடியிருப்பில் வீடு எடுத்தால் 4,75,000 ரூபாயைக் கழித்துக்கொள்வார்களாம்!

ஆலோசனை என்று சொன்னேன் அல்லவா? ரெரா எண்ணை நீங்களே கர்நாடக ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம், எந்தக் கட்டடம் என்று வாசியுங்கள். தரகருக்கும் ரெரா பதிவு இருக்க வேண்டும், கேளுங்கள். காசோலையைக் கட்டுநரின் பெயரில் மட்டும் எழுதுங்கள். வில்லங்கச் சான்றையும் காத்தாவையும் உங்கள் வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ளே நிஜமாகப் புழங்கும் தரைப்பரப்பு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். 68 லட்சம் வீட்டுக்கு நான் கொடுத்தது ஏழு சதவீதம்கூட இல்லை. அளந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

இன்னும் எழுதலாம், முடியவில்லை. ரெராவில் புகார் கொடுக்க என் கணவர் நகல் எடுக்கப் போயிருக்கிறார். காலையில் வளையலுக்கு வட்டி கட்ட வேண்டும்.